நிலை: நன்று

டிசம்பர் கடைசிக் கிழமை. வவுனிக்குளம் வான் பாய்கிறது.
மோட்டார் சைக்கிளை முழங்கால் தண்ணிக்குள் உருட்டிக்கொண்டு
ஆண்டுக் கணக்கெடுப்புக்கு வந்து சேர்ந்தேன்.
ஈரம் படாமல் வயிற்றோடு கட்டி வந்தது
இருப்புப் புத்தகம் ஒன்றைத்தான்.

நேசமலர் தியேட்டரைத் திறந்துவிட்டாள்.
பூட்டுக்கு எண்ணெய் விட்டு வைத்திருந்தாள்.
சத்திரசிகிச்சை மேசை, ஒன்று.
கூரை விளக்கு, ஏழு குமிழ், ஒன்று.
மயக்க மருந்து இயந்திரம், ஒன்று, உறை பிரிக்காதது.
"திங்கட்கிழமையில லைற்றைப் போட்டு
ஐஞ்சு நிமிசம் விடுவன்," என்றாள்,
"இல்லாட்டி பல்ப் செத்துப்போகுமாம்."
ஐந்து வருடமாய் அந்த வெளிச்சத்தின் கீழ் நின்றது
அவளும் அவளுடைய தும்புத்தடியும்.

மயக்க மருந்து டொக்டர் மாற்றலாகி வருவார் என்று
கடிதம் இருக்கிறது. மூன்று கடிதம்.
எனக்குத் தெரியும், கோப்புக்கு இலக்கமிட்டவன் நான்.

பெண்கள் வார்டில் பதினாறு கட்டில்.
ஆள் கிடந்தது நாலில்.
மிச்சத்தில் விரிப்பின் மடிப்பு கத்தி மாதிரி.
போன கிழமை கிளிநொச்சியில் எண்ணினேன்:
கட்டிலில் இரண்டு பேர், கட்டிலுக்குக் கீழே ஒருவர்.
கீழே கிடந்தவர் என் சப்பாத்தைத் தட்டி,
"தம்பி, என்னையும் எண்ணிப்போட்டியோ?" என்றார்.
பொருட்கள் மட்டும்தான் ஐயா, என்றேன்.
"அப்ப சரி" என்று
சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.

ஒரு இலக்கத்தகடு விடுபட்டுப் போயிற்று.
திரும்பவும் தியேட்டர்.
குனிந்தபோது கண்டேன்,
மேசையின் பொலித்தீனில் ஒரு முதுகின் பள்ளம்,
இரண்டு குதிக்கால் இழுத்த கோடு.

நேசமலர் தும்புத்தடியைச் சுவரில் சாய்த்தாள்.
"போன மாத மழைக்குள்ள, சேர்.
பாண்டியன்குளத்துப் பிள்ளை, துஷாந்தினி. தலைப்பிள்ளை.
பிள்ளை குறுக்கால கிடக்குது எண்டு மிஸ்ஸி சொன்னா.
கரண்ட் இல்லை. வார்டெல்லாம் இருட்டு.
ஜெனரேட்டர் தியேட்டருக்குத்தானே கொழுவிக் கிடக்கு.
அம்புலன்ஸ் வரும்வரைக்கும் இதில கிடத்தினம்.
ஏழு லைற்றும் எரியுது.
மேல பார்த்துப்போட்டு அவள்
'இஞ்சயே வெட்டப் போறியளோ அக்கா' எண்டு கேட்டாள்.
சந்தோசமாக் கேட்டாள், சேர்."

நான் பேனாவின் மூடியைக் கழற்றவில்லை.
பிறகு?

"பிறகென்ன. அம்புலன்ஸ் வந்தது.
மாங்குளம் தாண்ட முதல் ஒரு பாலத்தில
தண்ணி வடியுமட்டும் நிண்டவையாம்."

ஓட்டில் மழை. கொஞ்சம் பொறுத்துச் சொன்னாள்:
"தாய் சுகம்."

புத்தகத்தைப் புரட்டினேன்.
அந்த மேசைக்கு நேரே வருடா வருடம்
நிலை: நன்று. நிலை: நன்று.
ஒரே கையெழுத்து.
'ற'வின் வாலை இப்படி இழுத்து எழுதுபவன்
கந்தோரில் நான் ஒருவன்தான்.

குறிப்பு என்றொரு கட்டம் உண்டு, ஒரு விரல் அகலம்.
இதுவரை அதில் கோடு மட்டும் போட்டிருக்கிறேன்.
இந்த முறை எழுதினேன்:
பொலித்தீன் நசிந்துள்ளது. ஆள் கிடந்த தடம்.

சேதத்துக்கு விளக்கம் கேட்பார்கள்.
டொக்டரைக் கேட்டு நாங்கள் எழுதியதற்குப்
பதில் வராத அதே மேசையிலிருந்து
இதற்குப் பதினாலு நாளில் கடிதம் வரும்.
வரட்டும்.

வெளியே சைக்கிளின் இருக்கையில் தண்ணி நிரம்பியிருந்தது.
திரும்பிப் பார்த்தேன்.
நேசமலர் லைற்றை இன்னும் நூர்க்கவில்லை.
அன்றைக்குத் திங்கட்கிழமையும் இல்லை.