பெள்ளி ரொட்டி

நெல்லூருக்குக் கிளம்பியது பூங்காவுக்காக.
ஆரம்பாக்கத்துக்குக் குடிவந்த ஏழு மாதத்தில்
அருவி கேட்டது ஒன்றுதான்:
தண்ணீர் ஓரத்தில் ஒரு சறுக்குமரம்.

பாசஞ்சரில் ஒற்றைக்காலில் நின்றோம்.
சூலூர்பேட்டையில் ஏறிய பெண்கள்
எவர்சில்வர் தூக்குகளைக்
கைக்குழந்தைபோல் மடியில் வைத்திருந்தார்கள்.
கூடூர் தாண்டித்தான் ஒருத்தி சொன்னாள்,
இன்று ரொட்டிப் பண்டிகை என்று.

அதற்குப்பின் நாங்கள் நடக்கவில்லை,
கூட்டம் நடத்திக்கொண்டு போனது.
மலாய் காஜா கடை, தர்கா வாசல், சாம்பிராணிப் புகை,
வழியில் தொலைந்தது என் சீப்பு.

ஏரிக்குள் முழங்கால் தண்ணீரில் ஒரு சந்தை.
காசு மட்டும் இல்லை.
போன வருடம் வேண்டியது நடந்தவர் ரொட்டி தருகிறார்.
இந்த வருடம் வேண்டுகிறவர் வாங்கித் தின்கிறார்.
நடந்துவிட்டால் அடுத்த வருடம் வந்து
தண்ணீரில் நின்று திருப்பித் தரவேண்டும்.
வேலைக்கு ஒரு ரொட்டி, வீட்டுக்கு ஒரு ரொட்டி,
விசாவுக்குக்கூடத் தனி வரிசையாம்.
பலகைகளில் தெலுங்கு.
ஒவ்வொரு எழுத்தின் தலையிலும்
டீச்சர் போட்டதுபோல் ஒரு டிக்,
எல்லாம் சரி, எல்லாம் சரி என்று.

எனக்கு எதுவும் சரியாக இல்லை.
மூன்று பள்ளிகள் ஜூனில் வரச் சொல்லின.
ஜூனில் போனால் நிரம்பிவிட்டது என்றன.
அப்பா கையெழுத்து எங்கே என்று கேட்டது ஒன்று.
திருவள்ளூர் கோர்ட்டில் இருக்கிறது,
நகல் வேண்டுமானால் தருகிறேன் என்றேன்.

சேலையைத் தூக்கிச் செருகி இறங்கினேன்.
இடதுபக்கம் ஒரு குரல்,
"பள்ளி, பள்ளி" என்றது.
என் காதுக்கு அப்படித்தான் கேட்டது.
துப்பட்டா கிடையாது, முந்தானையைத் தலைக்கு இழுத்து
இரண்டு கையையும் நீட்டினேன்.

பெயர் சுப்பரத்னம்மாவாம்.
மூன்று விரல் காட்டினாள், பிறகு ஆறு.
மகளின் வயது என்று பிறகுதான் புரிந்தது.
கண்ணில் நீர் தளும்ப
என் தாடையைத் தொட்டு எதையோ சொன்னாள்.
இவ்வளவு பிரியமா ஓர் எல்கேஜி சீட்டுக்கு என்று
நானும் கலங்கிவிட்டேன்.

வெல்லம் போட்ட ரொட்டி.
பாதியை அருவிக்குக் கொடுத்தேன்.
வாய் நிறைய மென்றபடி அவள் சொன்னாள்:
"அம்மா, பள்ளிக்கூடத்துக்கு இங்க 'படி'.
இது பெள்ளி. பெள்ளின்னா கல்யாணம்."
பக்கத்து வீட்டு டிவியில் கற்றிருக்கிறாள்.
"ஐயோ, நான் கல்யாணத்தத் தின்னுட்டேன்!"

தண்ணீரில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.
சுப்பரத்னம்மாவைத் தேடினேன்.
அடுத்தவளின் தாடையைத் தொட்டுக்கொண்டிருந்தாள்.
திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை.
கையில் மிஞ்சியதைத்
தினத்தாளில் சுற்றிப் பையில் வைத்தேன்.

பூங்காவில் சறுக்குமரத்துக்கு வரிசை.
மூன்று பையன்கள், ஒரு பர்தாக்காரச் சிறுமி,
நடுவில் அருவி.
யார் முதலில் என்று தெலுங்கில் சண்டை,
என் மகள் ஜெயித்துக்கொண்டிருந்தாள்.
எந்தச் சொல்லால் என்று எனக்குத் தெரியவில்லை.
படகுச் சவாரிக்கு டிக்கெட் முடிந்திருந்தது.
ஏரியோரச் சுவரில் உட்கார்ந்து
பாதங்களைக் காயவைத்தேன்.
படிக்கு எந்தப் பக்கம் என்று
பலூன்காரரிடம் கேட்டேன், கேட்டு வைப்போமே என்று.
இருட்டப்போகிறது, எல்லாம் தீர்ந்திருக்கும் என்று
கையை விரித்தார்.

திரும்பும் வண்டியைக் கூடூருக்கு வெளியே
முக்கால் மணி நேரம் போட்டுவிட்டார்கள்.
அருவி மடியில் தூங்கினாள்,
சறுக்குமரத்து மண் காலிலிருந்து உதிர உதிர.
ஜன்னலில் ஒரு வேர்க்கடலைக்காரர்கூட வரவில்லை.
பையைத் திறந்தேன்.
ரொட்டியில் அச்சு மை ஒட்டியிருந்தது,
தலைகீழாக, டிக்குகளோடு.

தின்றேன்.
பசி, வேறொன்றுமில்லை என்று
எதிர்சீட்டுக்காரரிடம் சொன்னேன்.
அவர் எதுவும் கேட்கவில்லை.