அடையாளம் தெரியாத உதிரி

கல்மண்டபம் சிக்னல் தாண்டி
ஜெராக்ஸ் கடைக்கும் கறிக்கடைக்கும் நடுவில்
நாலடி அகலக் கடை.
செர்லின் என் போனைக் குப்புறப் போட்டு
முதுகைச் சூடாக்குகிறாள்.
பசை இளகும் வாசனை.
எனக்குப் பழகிய காட்சிதான்.
ஸ்டான்லியில் ஆபரேஷன் தியேட்டர் டெக்னீஷியன் நான்,
திறந்து கிடப்பவற்றின் பக்கத்தில் நிற்கத்தான் சம்பளம்.

நைட் டூட்டி முடிந்து
ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கும்போது
கண்ணாடி தெறித்தது.
மச்சான் அருளப்பனின் போன்
அதற்கு முந்தின மாதமே
காசிமேட்டில், விசைப்படகின் எஞ்சின் அறையில்
டீசலில் ஊறிச் செத்திருந்தது.
ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே கறுப்பு.
ஒரே தீபாவளித் தள்ளுபடியில்
இரண்டு பேரும் தவணையில் வாங்கியது.
அதற்கு உயிரில்லை, முகம் பளிச்சென்று இருக்கிறது.
இதற்கு உயிர் இருக்கிறது, முகம் இல்லை.
"இன்னா யோசிக்கிற, எடுத்து மாட்டிக்க" என்றான்.

நாற்பது நிமிடம்.
எறும்புக் கால் தடிமன் கனெக்டரை
மூச்சுப் பிடித்து அமுக்கினாள் செர்லின்.
வெளிச்சம் வந்தது.
மகளின் முகம் வந்தது.
அவள் நெற்றிக்கு மேலே ஒரு வரியும் வந்தது:
இந்தத் திரை அடையாளம் தெரியாத உதிரி.

அன்றிலிருந்து என் விரலை அது ஏற்பதில்லை.
காலை ஆறு மணிக்கு, பால் பாக்கெட்டுக்கும் முன்னால்,
அதே வரி.

சர்வீஸ் சென்டர் அண்ணா நகரில்.
ஏசி, டோக்கன், டை கட்டிய பையன்.
உள்ளே கொண்டுபோனான், என் கண்முன் திறக்கவில்லை.
பதினெட்டாயிரத்து நானூறு என்றான்.
புதுசுன்னா அஞ்சாயிரம் குறைச்சுக்கலாம் மேடம்.
இதுவும் உங்க திரைதானே தம்பி?
அது வேற போனோடது மேடம்.

வேறு உடம்பினுடையது.
ஐஸ் பெட்டியில் எங்கள் தியேட்டருக்கு வந்திறங்கும் சிறுநீரகமும்
யாரோ ஒருவருடையதுதான்.
உடம்பும் முதலில் முறைக்கும்.
முறைப்பைத் தணிக்க மாத்திரை உண்டு.
மாத்திரையின் பெயரை டாக்டர் எழுதித் தருகிறார்,
கிறுக்கலாகவாவது.
எந்த நோயாளியின் நெற்றியிலும்
தினம் விடிந்ததும் யாரும் வந்து
இவனுக்குள் இருப்பது இவனுடையதல்ல என்று
ஒட்டிவிட்டுப் போவதில்லை.

ஒன்றை மறைக்கக் கூடாது.
இதற்கு முந்தின போனை
வியாசர்பாடி சுரங்கப்பாதை வாசலில்
பைக்கில் வந்தவன் பிடுங்கிப் போனான்.
பொழுது விடிவதற்குள் பத்துத் துண்டாகியிருக்கும்,
திரை ஒரு கடைக்கு, கேமரா ஒரு கடைக்கு.
பூட்டெல்லாம் திருடனுக்காகத்தான் என்று கம்பெனி சொன்னால்
என் பாதி மனசு தலையாட்டுகிறது.
சொன்னேன்.
திருப்புளியைப் பல்லில் கவ்வியபடியே செர்லின் பேசினாள்:
"திருடனுக்குப் பூட்டு போடட்டும், வேணான்னு யார் சொன்னா?
பில்லு வச்சிருக்கிறவங்க கைல சாவி குடுக்கணும்ல.
ரெண்டு பில்லும் இங்கதான கீது."
இருந்தன, டிராயரில்,
ஒன்றில் டீசல் கறை.

ரேஷன் கடை மெஷினிலும் என் கட்டைவிரல் விழாது.
கையுறையும் சானிடைசரும் தின்ற ரேகை.
மீன் வெட்டும் லூர்தக்காவுக்கும் அப்படியே.
மூன்று தடவை அழுத்திப் பார்த்துவிட்டு
விற்பனையாளர் சலித்துக்கொண்டே
எண்ணெய்ப் பிசுக்கேறிய நோட்டை எடுத்துப் போடுவார்.
ஒரு கையெழுத்து.
அரிசி.
மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு வேண்டும் என்று
அங்கே யாருக்கோ தோன்றியிருக்கிறது.

அந்த நோட்டைத்தான் கேட்கிறேன்.
ஒரு வரைபடம். ஒரு உதிரிக்கு ஒரு விலை.
பசைக்குப் பதில் நாலு திருகாணி.
சட்டமாக வேண்டும். சலுகையாகத் தந்தால்
அடுத்த மாடலில் எடுத்துவிடுவார்கள்.

இன்னும் எட்டுத் தவணை பாக்கி.
செத்த போனுக்கு மச்சானும் கட்டிக்கொண்டிருக்கிறான்.
ஐந்தாம் தேதி பணத்தை எடுக்கும்போது மட்டும்
எங்கள் இருவரையும்
ஒரு மாதமும் அடையாளம் தெரியாமல் போனதில்லை.