பாதி வண்டி

ஆர்.சி.யில் அருமைக்கண்ணு பெயர்.
கடன் அட்டையில் என் பெயர்.
திங்கள் முதல் புதன் வரை
நாகைத் துறைமுகத்திலிருந்து
ஐஸ் பெட்டியும் மத்தியும் ஏற்றிக்
கும்பகோணம் வருவான்.
வியாழன் விடிந்தால் எனக்கு.
சாவி மீன் வாடையோடு கைமாறும்.

"எப்படிப் போகுது?"
"தேர் மாதிரி."

தேர் குலுங்குமென்று
அவனுக்குத் தெரியாதா என்ன.
என் கையில்
அறுபதைத் தொட்டால் ஸ்டீயரிங் நடுங்கும்.
திருப்பனந்தாள் வளைவில்
பின்சக்கரம் தவளையாகத் தத்தும்.
இரண்டாவது கியரில் மிதித்தால் முதலில் ஒரு யோசனை,
மூன்று எண்ணுகிற அளவுக்கு;
பிறகு டர்போ விழித்து முதுகில் ஒரு குத்து.

டீசல் பில்டர் மாற்றினேன்.
இன்ஜெக்டர் நான்கையும் கழற்றித்
தஞ்சாவூருக்கு அனுப்பினேன்.
நல்லாத்தான் இருக்கு என்று
அவை திரும்பி வந்தன, பில்லோடு.
பாதிக் காசு கேட்டதற்கு
"என் மூணு நாள்ல அதுக்கு ஒரு நோவும் இல்லையே மாப்ள,
உன் கால்தான் கனம்" என்றான்.

ராஜகிரி ஜபருல்லா
பானெட்டைத் திறக்கவே இல்லை.
பக்கத்தில் ஏறி உட்கார்ந்து
பாபநாசம் ரயில்வே கேட் வரை
காதை மட்டும் கொடுத்துக்கொண்டு வந்தார்.
கேட் மூடியிருந்தது. எஞ்சினை அணைக்கச் சொன்னார்.
திரும்பிப் பின்னால் பார்த்தார்.
"என்ன லோடு?"
"வைக்கோல். ஜெயங்கொண்டம் பக்கம் மாட்டுப் பண்ணைக்கு."
"எப்பவுமா?"
"சில நாள் வாழையிலை."
"ஒன்றரை டன்னுக்குப் பொறந்தது தம்பி இது.
பட்டைக்கு வேலை கொடுக்கலேன்னா
துள்ளாம என்ன செய்யும்?"

சரக்கு ரயில் போய்க்கொண்டே இருந்தது.
உள்ளே நெல்லா, வெறும் பெட்டியா
தெரியவில்லை.
கூலி வாங்கவில்லை. டீ குடித்தார், சர்க்கரை தூக்கலாக.

வீடு கட்டி மிஞ்சிய மணல் கொல்லையில் கிடந்தது.
எட்டு மூட்டை கட்டிப்
பின்னச்சுக்கு நேர்மேலே அடுக்கித்
தார்ப்பாய் போட்டு,
அதன்மேல் வைக்கோல் உருளைகள்.
அன்றைக்குத்தான் வண்டி
முதன்முதலாகத் தரையில் ஓடியது.
அந்த யோசனை இருந்தது; குத்து இல்லை.
வளைவில் ஒரு விரலுக்குப் பணிந்தது ஸ்டீயரிங்.
விசிலடித்திருக்கிறேன்,
அணைக்கரையில் மறித்த பிறகுதான் தெரிந்தது.

வைக்கோலைக் குத்திய கம்பி
பாதியில் நின்றது.
கொள்ளிடத்துக்கு மேலே,
வைக்கோலுக்கு அடியில், மணல்.
"சார், இது கடத்தல் இல்ல. சஸ்பென்ஷன்."
எஸ்.ஐ. சிரிக்கவில்லை.
கீழே ஆற்றில் தண்ணீரும் இல்லை,
மணலும் அவ்வளவாக இல்லை.
ஏட்டு ஒருவர் மட்டும்
மூட்டையை இறக்கச் சொல்லி ஒரு சுற்று ஓட்டினார்.
ஏற்றச் சொல்லி இன்னொரு சுற்று.
இறங்கி, கதவை மெதுவாகச் சாத்தி,
"இவன் சொல்றது வாஸ்தவம்தான் சார்" என்றார்.
எட்டு மூட்டையை
இறக்கியதும் ஏற்றியதும் நான்.

ஞாயிறு இரவு சாவியைக் கொடுத்தேன்.
மூட்டைகளைச் சொல்ல மறந்தேன்.
துறைமுகத்து இருட்டில்
தார்ப்பாய்க்கு மேலேயே
ஐஸ் பெட்டிகளை அடுக்கியிருக்கிறார்கள்.

செவ்வாய், காலை நாலு மணிக்கு போன்.
"கீவளூர் தாண்டிட்டேன் மாப்ள. இழுக்கவே மாட்டேங்குது.
பாலம் ஏறினா மூச்சு வாங்குது, கரும்புகை வேற.
என்ன பண்ணி வச்சே வண்டிய?"

இந்த ஊர்ப்பக்கம் ஏற்றமென்று இருப்பதே பாலங்கள்தான்.
எழுந்து, விளக்கைப் போட்டு,
சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன்.
"எந்த கியர்ல?" என்றேன்.
"ஸ்டீயரிங் எப்படி? வாடை ஏதாவது வருதா?"
ஒவ்வொன்றுக்கும் நின்று நிதானமாகப்
பதில் சொன்னான்.
மூன்று வருஷத்தில் முதல் தடவையாக
நாங்கள் ஒரே வண்டியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

மணலைப் பற்றி
அவன் குடவாசல் வரும்வரை
நான் வாயைத் திறக்கவில்லை.