திருகாணி

தட்டுக்கு அடியில் ஒரு திருகாணி.
இடப்பக்கம் கால் சுற்று,
மூட்டைக்கு ஐந்து கிலோ காணாமல் போகும்.
அரைச் சுற்றென்றால் பத்து.
பத்து பேராசை. நான் ஐந்தோடு நிறுத்திக்கொள்வேன்.
அதைத்தான் என் நேர்மை என்று வைத்திருந்தேன்,
பதினொரு பருவம்,
அசமாங்குரோமின் கொக்கோ கொட்டகையில்.

என்னை யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை.
முகத்துக்கு முன்னால் கிளார்க்.
முதுகுக்குப் பின்னால் சொன்னது
கேட்காத மாதிரி நடக்கப் பழகியிருந்தேன்.

ஒரு மாலை, எல்லோரும் போன பிறகு
செர்வா பொமா வந்தாள்.
தலையில் சணல் சாக்கு இல்லை, சிமென்ட் மூட்டை.
புருஷன் கல்லறைக்கு வாங்கியது, வாய் பிரிக்காதது.
கேட்காமலே தராசில் இறக்கினாள்.
ஐம்பது கிலோ என்று காகிதத்தில் அச்சு.
முள் நாற்பத்தைந்தில் நின்று நடுங்கியது.

கத்துவாள் என்று காத்திருந்தேன்.
கத்தியிருந்தால் பதில் வைத்திருந்தேன்:
ஈரம், காற்று, கம்பெனி, துருப்பிடித்த சுருள்வில்.
அவள் சொன்னது ஒரே சொல்.
"யாவ்."

வியாழக்கிழமை பிறந்த எவனுக்கும் உரிய பெயர்தான்.
அம்மா போனபின் யாரும் எடுத்துப் புழங்காதது.
எங்கே தெரிந்துகொண்டாளோ.
மூட்டையை மறுபடி தலைக்கேற்றிக்கொண்டு போய்விட்டாள்.

இரவு வீட்டுக்குப் போகவில்லை.
காய்ந்த கொட்டைகளின் புளித்த வாடையில்
செருப்பைக் கழற்றித் தராசில் ஏறினேன்.
டார்ச் அடித்துப் பார்த்தால்
என்னிடமும் ஐந்து கிலோ குறைந்திருந்தது.
எந்த இடத்துச் சதை அது?
நாக்கா, ஈரலா,
ராத்திரியில் தூங்குகிற இடமா?

"யாவ்."
திரும்பிப் பார்த்தேன். செர்வா இல்லை.
பக்கத்துக் கடை ஜெனரேட்டர்கூட ஓய்ந்திருந்தது.
குற்றம் சாட்டும் குரல் எனக்குப் பழக்கம்,
அது கணக்கில் தொடங்கும்.
இது பெயரில் தொடங்கிப் பெயரோடு முடிந்தது.
ஆண்டவரே என்று சொல்ல வாய் வரவில்லை.
"இருக்கிறேன்" என்றேன்,
வகுப்பில் வருகைப் பதிவுக்குச் சொல்வதுபோல.

மனந்திரும்பு, மனந்திரும்பு என்பார் போதகர் அத்தாக்கோரா.
மனம் எப்போது திரும்பியதோ தெரியாது.
முதலில் திரும்பியது ஆணி.
விடிந்ததும், வரிசை பார்த்துக்கொண்டிருக்க,
ஸ்பானரோடு குனிந்து வலப்பக்கம் கால் சுற்று.
எதற்கு என்று சொன்னேன். எத்தனை வருடம் என்றும்.

கொஞ்ச நேரம் கோழிகள் மட்டும் பேசின.
பிறகு துமாசி முன்னால் வந்து அறைந்தான்.
மகளின் பரீட்சைக் கட்டணத்துக்கு
வட்டிக்கு வாங்கி அலைந்தவன் அவன்.
வலித்தது. எடை குறையாத அடி.

வேலை போயிற்று. மோட்டார் சைக்கிளை விற்றேன்,
பிறகு கூரைத் தகரத்தை.
நோட்டில் இருநூற்றுப் பன்னிரண்டு பெயர்கள்.
முப்பத்தேழை அடித்துவிட்டேன்.
நான்கு பேர் பணத்தை வாங்க மறுத்தார்கள்,
அன்பினால் அல்ல.

ஞானஸ்நானம் ஆற்றில்.
தங்கம் தோண்டுகிறவர்கள் கலக்கிக் கலக்கி
பால் விட்ட தேநீர் நிறத்தில் ஓடும் ஆறு.
இதிலா என்னைக் கழுவப்போகிறீர்கள் என்றேன்.
"தண்ணீரை நம்பியா இறங்குகிறாய்?" என்றார் போதகர்.
முங்கி எழுந்தபோது காதுக்குள் சேறு.
வானம் திறந்தது என்று எழுத ஆசைதான்.
தூறிக்கொண்டிருந்தது.
கரையில் யாரோ குடையை மறந்துவிட்டதற்காகத்
திட்டிக்கொண்டிருந்தார்கள்.
சிரிப்பு வந்தது எனக்கு. எத்தனை காலம் கழித்து!

இப்போது அதே கொட்டகையில் மூட்டை தூக்குகிறேன்.
தராசைத் தாண்டும்போது
கட்டைவிரல் தானாக இடப்பக்கம் அசைகிறது,
ஒவ்வொரு நாளும்.
செர்வாவின் புருஷன் கல்லறைக்கு மணல் சுமந்தேன்.
கூலி வேண்டாம் என்றேன்.
எண்ணி உள்ளங்கையில் வைத்தாள், முழுதாக.

சந்தையில் யாரோ "கள்ளன்" என்று கூவுகிறார்கள்.
திரும்புகிறேன்.
யாரோ "யாவ்" என்கிறார்கள்.
அதற்கும் திரும்புகிறேன்.
இரண்டும் என் பெயர்தான் இந்த ஊரில்.
இரண்டாவதற்கு மட்டும்
கால் சுற்று வேகமாக.