வேர் எழுதாத கட்டளை

ஓல்ட்டனில் எங்கள் கட்டடத்துக்குப் பதினொரு வீடு,
ஒரேயொரு சலவை மெஷின்.
கீழ்த்தளச் சுவரில் ஒரு அட்டவணை தொங்கும்.
ஒருவர் பேரை ஒருவர் ரப்பரால் அழித்துவிட்டு
படியில் கண்டால் "குரூட்சி" சொல்லிக் கடந்துபோவோம்.

அதைக் கணினிக்குள் ஏற்றுவதென்று
முடிவெடுத்தது கோபத்தில்தான்.
வியாழன் என் முறை.
என் துவாய்களை யாரோ ஈரத்தோடு அள்ளி
நிலத்தில் குவித்திருந்தார்கள்.

பகலில் ரயில் நிலைய உணவகத்தில் தட்டுக் கழுவல்.
இரவு பத்துக்குப் பிறகு பி.எச்.பி.
காசு கேட்காத மென்பொருள்;
முகம் தெரியாத யாரோ எழுதி
எடுத்துக்கொள் என்று திறந்து வைத்துவிட்டுப் போனது.
தொட்டால் மட்டும் கத்தும்:
நாற்பத்திரண்டாம் வரியில் பிழை.
நாற்பத்திரண்டில் ஒன்றுமிராது.
நாற்பத்தொன்றின் வாலில்
ஒரு அரைப்புள்ளி விடுபட்டிருக்கும்.

மைஎஸ்க்யூஎல்லில் இரண்டு அட்டவணை,
வீடுகளுக்கு ஒன்று, முறைகளுக்கு ஒன்று.
எஷ்லிமான் அம்மாவின் முதலெழுத்துக்குத்
தலையில் இரண்டு புள்ளி உண்டு.
அது உடைந்து வேறேதோ முளைத்தது.
சரி, என் பேரைத் தமிழில் போட்டுப் பார்ப்போம் என்று
யோகமலர் என அடித்தேன்.
ஐந்தெழுத்துக்கு ஏழு கேள்விக்குறி.
வதிவிட அனுமதி விசாரணையில்கூட
என்னை இவ்வளவு கேட்கவில்லை.
மூன்றாம் இரவு, யு.டி.எஃப். எட்டு என்று
ஓரிடத்தில் ஒரு வரி சேர்த்ததும்
முழுதாய் எழும்பி நின்றேன் திரையில்.

ஒரே நேரத்துக்கு இருவர் வந்தால்
இரண்டாமவரை மறிக்கப் பழக்கினேன்.
மார்கழிக்குள் எல்லோரும் கைபேசிக்கு வந்துவிட்டார்கள்,
எஷ்லிமான் அம்மாவைத் தவிர.
அவர் பின்னேரம் கதவைத் தட்டி
அன்று யார் யார் பதிந்தார்கள் என்று கேட்டு
பென்சிலால் கொப்பியில் எழுதிக்கொண்டு போவார்.
"கரண்ட் போனால்?"
"கரண்ட் போனால் மெஷினும் ஓடாது."
அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

தை மாதம், ஐந்தாம் மாடிப் பொடியன் வீடு மாறினான்.
அவனுடைய ஒரு முறையை நீக்கவேணும்.
இரட்டை ஷிஃப்ட் முடிந்த இரவு, மணி ஒன்றரை.
டெலீட் எழுதினேன்.
எதை என்று சொல்லும் வேர் எழுதவில்லை.
ஆங்கிலத்தில் அது எங்கே என்கிற சொல்,
தமிழ்க் காதில் மரத்தின் அடி.
எந்த மொழியில் மறந்தாலும் விளைவு ஒன்றுதான்.
"சரி" என்றது முதலில்.
பிறகு சொன்னது, நூற்றியெண்பத்தாறு வரிசை போயிற்று,
ஒரு விநாடிகூட ஆகவில்லை.

நகல்? அடுத்த கிழமை படிக்கவிருந்த பாடம்.

சனி காலை யாருக்கும் முறையில்லை,
அதனால் எல்லோருக்கும் முறை.
எட்டுக் கூடை, எட்டுக் குடும்பம் கீழ்த்தளத்தில்.
கிஃப்லே உலர்த்தியின் மேல் ஏறி உட்கார்ந்து
தன் குழந்தையின் பல் முளைத்த கதை சொன்னான்.
நான்கு வருடம் அவன் தலைக்கு மேல் வசிக்கிறேன்,
குழந்தை இருப்பது சத்தமாய் மட்டும்தான் தெரியும்.

அப்போது எஷ்லிமான் அம்மா கொப்பியோடு இறங்கினார்.
சொன்னேன் பார்த்தாயா என்று சொல்லவில்லை.
இஸ்திரி மேசையில் என் மடிக்கணினி;
அவர் வாசிக்க வாசிக்க நான் தட்டினேன், மத்தியானம் வரை.
ஒரு பக்கத்தில் குரல் கொஞ்சம் தடுக்கியது.
எட்டிப் பார்த்தேன்.
வியாழனுக்கு நேரே என் பேர் இல்லை,
"ஈரத் துவாய்கள்" என்றிருந்தது.

ஆக, அது இவர்தான்.

அவர் ரப்பரை எடுத்து அழித்தார்.
எப்படி எழுதுவது என்று கேட்டார்.
ஒவ்வொரு எழுத்தாய்ச் சொன்னேன், மெதுவாக,
கொஞ்சம் வேண்டுமென்றே மெதுவாக.

இப்போது இரவு இரண்டுக்கு நகல் தானாய் எடுபடுகிறது.
கொப்பியும் நடக்கிறது.
திரும்பப் பதிந்த வரிசைகள் ஒன்றில் தொடங்கவில்லை;
முதலாவதுக்கே எண் இருநூற்றிப் பதின்மூன்று.
போன எண் திரும்ப வராதாம்.
நூற்றியெண்பத்தாறு போனால் இது நூற்றியெண்பத்தேழல்லவா என்று
விரல்விட்டு எண்ணிக் குழம்பி
அன்றிரவு முழுக்கத் தேடியதில் தெரிந்தது:
இடமில்லை என்று மறித்து அனுப்பியவர்களுக்கும்
அது ஆளுக்கொரு எண் கொடுத்திருந்தது.