இயன்றவரை

சட்டமன்றத்துக்குச் சொற்கள் அமைத்துத் தருவது என் வேலை.
சேர்த்த சொல்லுக்கு அடிக்கோடு,
நீக்கிய சொல்லுக்கு நடுக்கோடு.
இருபத்திரண்டு ஆண்டில்
என் பெயர் எந்தச் சட்டத்திலும் இல்லை.

அந்த மே மாதம் மாளிகையைப் பூட்டிவிட்டார்கள்.
சமையல் மேசையில் மடிக்கணினி,
எதிர்ப்பக்கம் மகனின் பின்னக் கணக்கு,
சன்னலுக்கு வெளியே மிசூரி ஆற்றங்கரை வரை
இன்னும் விதைக்காத சோள நிலம்.
செனட்டர் தொலைபேசியில் வந்தார்:
"ஆறடி இடைவெளியை எடுத்துவிடாதே, நோரீன்,
பார்க்க நன்றாயிருக்காது.
முன்னால் ஒரு சொல் மட்டும் போடு."

போட்டேன்.
இயன்றவரை ஆறடி.
பன்றி அறுக்கும் ஆலையில்
முழங்கையோடு முழங்கை உரச நிற்கும்
ஆயிரத்து அறுநூறு பேர்
அந்த ஒற்றைச் சொல்லுக்குள் அடங்கிப் போனார்கள்.

விசாரணை, திரையில்.
முதலில் வெர்லின் ஹாஸ்காம்ப்.
பதினொரு முக்காலி போட்ட காப்பிக்கடை.
காப்பீட்டுக் கடிதத்தைக் கேமராவில் காட்டினார், தலைகீழாக.
"ஒரே ஒரு வழக்கு போதும் ஐயா,
என் அடுப்பு அணைந்துவிடும்."
அவர் பொய் சொல்லவில்லை.
இவருக்காகத்தான் இந்த மசோதா என்றார்கள்.
இவருக்கும்
நான்கு மாநிலத்தில் ஒன்பது ஆலை வைத்திருப்பவர்களுக்கும்
ஒரே குடை.
குடைப்பிடி யார் கையில் என்பதற்குப் பிரிவு இல்லை.

பிறகு யூசேபியா சோக்.
ஆளுக்கு இரண்டு நிமிடம்.
அவள் கீச்சே மொழியில் சொன்னதை ஒருவர் ஸ்பானிஷில் சொல்ல,
அதை இன்னொருவர் ஆங்கிலத்தில் சொல்ல,
இரண்டு நிமிடம் நாற்பது நொடியாகத் தேய்ந்தது.
கணவன் மத்தேயோ. விலா எலும்புப் பிரிவு.
மாதம் முழுக்க விடுப்பில்லாமல் வந்தால் ஐந்நூறு டாலர்.
காய்ச்சலோடு போனான்.
ஏப்ரல் பத்தொன்பது.
"பணம் வந்தது," என்றாள், "பெட்டி வாங்க ஆயிற்று."
அப்புறம் ஒரு கேள்வி,
மூன்று மொழி தாண்டியும் நசுங்காமல் வந்தது:
"இயன்றவரை என்கிறீர்களே,
யாருக்கு இயன்றவரை?"

மணி அடித்தது.
தலைவர் நன்றி சொன்னார்.
ஒலிவாங்கியைத் திறக்க மறந்திருந்தார்,
உதடு மட்டும் அசைந்தது.

இரவு பதினொன்று. இறுதி வடிவம்.
'இச்சட்டம் சனவரி முதல் நாளிலேயே
நடைமுறைக்கு வந்ததாகக் கருதப்படும்.'
கருதப்படும்.
எங்கள் பட்டறையில் இதைவிடக் கூரான கத்தி கிடையாது.
கருதுவது யார் என்று சொல்லாத வினை.
மே மாதத்தில் உட்கார்ந்தபடி
ஏப்ரல் பத்தொன்பதை எட்டிப் பிடிக்கும்.

ஏழாம் பிரிவில் ஒரு காற்புள்ளி தவறி விழுந்திருந்தது.
தூக்கக் கலக்கத்தில் நான்தான் தட்டியிருப்பேன்.
அது அங்கேயே கிடந்தால்
'ஆலைகள்' என்ற சொல் குடைக்கு வெளியே போய் நனையும்.
கெட்டிக்கார வக்கீலுக்கு அந்த இடுக்குப் போதும்.
சுட்டியை அதன்மேல் வைத்து
காப்பி ஆறும்வரை இருந்தேன்.
இந்த அளவுத் திருத்தத்துக்கு
அடிக்கோடும் இல்லை, நடுக்கோடும் இல்லை.
எடுத்தாலும் விட்டாலும் யாருக்கும் தெரியாது.

எடுத்தேன்.

காலை வாக்கெடுப்பு. நிறைவேறியது.
நடவடிக்கைக் குறிப்பில் இருக்கிறது:
'சாட்சி ஒரு சொல்லின் பொருளைக் கேட்டார்.'
வரையறைப் பிரிவில் முப்பத்தொரு சொற்கள்.
அது இல்லை.

வெர்லினின் கடை ஆகஸ்டில் மூடிற்று.
வழக்கு ஒன்றும் வரவில்லை,
ஆள் வரவில்லை.
முக்காலிகளை நடைபாதையில் வைத்து விற்றார்.
முகக்கவசத்தோடு போனேன், ஒன்று வாங்கினேன்,
பேரம் பேசவில்லை.
என் சமையல் மேசைக்கு அது உயரம் அதிகம்.
உட்கார்ந்தால்
கால் தரையில் படுவதில்லை.