இரண்டேகால்

கார் கண்ணாடிக்குள் வைப்பார்களே,
நீல அட்டை, சுழலும் முள்,
அதையே இங்கே மேசைக்கும் வைத்திருக்கிறார்கள்.
எழுந்து போகும்போது மணியைத் திருப்பி வை.
ஒரு மணி நேரத்துக்கு நாற்காலி உனக்கு.
தாண்டினால் சாமான்களைக் கூடையில் அள்ளுவது
என் பகுதிநேர வேலை.

ஃப்ரைபுர்க் நூலகம் பகலில்
கறுப்புக் கண்ணாடி போட்ட ஆள் மாதிரி.
எதிரே நாடக அரங்கை, டிராமை, மேகத்தைக்
கோணலாக்கித் திருப்பித் தரும்.
உள்ளே யார் என்று கேட்டால் வாய் திறக்காது.

உள்ளே பிப்ரவரி, தேர்வு மாதம்.
ஒன்பது மணிக்கே இடம் இல்லை.
சன்னலோரத்துக்குச் சண்டை, அதுவும் கண்ணால்.
காதலும் அப்படித்தான்.
மூக்கை உறிஞ்சுகிற ஒருவனை
மூன்றாம் மாடியே சேர்ந்து வெறுக்கும்.
பேசலாம் என்று விட்ட கீழ்க்கூடத்தில்
மருத்துவ மாணவர்கள்
எலும்புகளை ஏலம் விட்டுக்கொண்டிருப்பார்கள்.

முந்நூற்றுப் பதினேழாம் மேசை.
முள் இரண்டேகாலில்.
என் கைக்கடிகாரத்தில் நாலு.
கொண்டுவரக் கூடாத பாதி ஆரஞ்சு,
மூடாத பேனா,
அட்டையில் எனோ ஃபெடர்சென் என்று பெயர்.
ஊசியிலை மரம் வறட்சியைத் தாங்குவது பற்றி
முக்கால் பக்கம். கடைசியில்
'அல்ஸோ'.
அதற்கப்புறம் வெறும் கோடுகள்.

ஆகவே, அதனால், வந்து... என்ன சொல்ல,
சரி கிளம்பலாமா:
எல்லாவற்றுக்கும் இவர்களுக்கு
இந்த ஒரு சொல்தான்.
எந்த அல்ஸோவில் எழுந்து போனான்?

பின்னால் ஒருத்தி,
மடிக்கணினியை நெஞ்சோடு அணைத்தபடி,
அரை மணியாக இடம் தேடுகிறவள்.
கூடையைத் தூக்கினேன்.
அவள் எட்டி அந்தப் பக்கத்தைப் படித்தாள்.
உதட்டைப் பிதுக்கினாள்.
"இதுதான் கஷ்டமான இடம்," என்றாள் மெதுவாக,
எனக்கா தனக்கா தெரியவில்லை.
போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டாள்,
சூடேற்றிக் குழாயில் முதுகு சாய்த்து.

இரக்கப்பட ஆரம்பித்தால்
எழுநூறு பேருக்கும் படணும்
என்று வீப்கெ சொல்லித்தான் வேலைக்கு எடுத்தாள்.
முள்ளை நாலுக்குத் திருப்பினேன்.
கேமரா இருக்கிறதா என்று
அப்புறம்தான் பார்த்தேன்.

ஐந்துக்குக் கொஞ்சம் முன்னால் வந்தான்.
தலைமுடியெல்லாம் ஈரம்.
தட்டை எடுத்து, காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தான்,
நின்றுபோன கடிகாரம் போல.
அதற்குள் என் ஷிஃப்ட் முடிந்தது.

வெளியே இருட்டு.
பகலெல்லாம் ஊரைக் காட்டிய சுவர்
இப்போது தன்னைக் காட்டிக்கொண்டிருந்தது.
மாடி மாடியாகக் குனிந்த தலைகள்.
மூன்றாவதில் இடப்பக்கத்திலிருந்து எண்ணினேன்,
ஒன்பது, பத்து,
டிராம் வந்து நடுவில் நின்றது.
ஏறிவிட்டேன், அது என்னுடையது.